டால்பின் நோஸ் பாறைக்கு ஒரு பகல் நடை: வட்டக்கானலில் இறங்கி ஏறுவதற்கான வழிகாட்டி

கொடைக்கானலில் பள்ளத்தாக்கைப் பார்ப்பதற்குப் பெரும்பாலான இடங்களில் நடக்க வேண்டியதே இல்லை. கோக்கர்ஸ் வாக்கிலும் தூண்பாறையிலும் வண்டியை விட்டு இறங்கிய சில நிமிடங்களில் வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடலாம். வட்டக்கானலுக்குக் கீழே, பள்ளத்தாக்கின் மேல் மூக்கைப் போல நீண்டு நிற்கும் டால்பின் நோஸ் பாறையோ கால்நடையாகச் சென்றால்தான் கிடைக்கும். ஒரு வழிக்கு ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர்தான் என்று கேள்விப்பட்டு, நகரத்துப் பூங்காவில் உலாவப் போவதுபோல் புறப்பட்டு வருபவர்களை அந்தப் பாதையில் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன். திரும்பி வரும்போது அவர்களில் பலர் மரவேர்களின்மேல் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருப்பதையும் பார்க்கிறேன். இந்த வழிகாட்டி முதன்மையாக அவர்களுக்காகவே எழுதப்படுகிறது.

இந்த நடையைப் பற்றி முதலில் மனத்தில் கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. மலை ஏறுவது என்றால் காலையில் தெம்போடு ஏறிவிட்டு, களைத்த பின் இறங்கி வருவதுதான் நம் பழக்கம். பழனி படியாகட்டும், சதுரகிரியாகட்டும், அப்படித்தான் உடம்பு கணக்குப் போட்டுக்கொள்கிறது. டால்பின் நோஸில் அந்தக் கணக்கு தலைகீழாகிறது. புறப்படும்போது இறக்கம், திரும்பும்போது ஏற்றம். காலை எட்டு மணிக் குளிரில் துள்ளி இறங்கிய அதே வழியை, வெயிலும் பசியும் சேர்ந்துகொண்ட பிறகு, காலியாகிப்போன தண்ணீர்ப் பாட்டிலோடு ஏறிக் கடக்க வேண்டியிருக்கிறது. பாதையோரக் கடையொன்றில் தேநீர் ஆற்றிக்கொண்டிருந்த அம்மா ஒருவர் என்னிடம் ஒருமுறை, "எறங்குறப்ப தெரியாது தம்பி, ஏறுறப்பத்தான் தெரியும்" என்றார். புறப்படும் நேரம், எடுத்துச் செல்லும் பொருள், எங்கே நிறுத்திக்கொள்வது என்னும் முடிவு ஆகிய எல்லாவற்றையும் அந்த ஒரு வாக்கியத்தை வைத்தே தீர்மானிக்கலாம்.

அதைக் கேட்காமல் நான் பட்ட அனுபவமும் உண்டு. முதல் முறை என் தாயாரை அழைத்துக்கொண்டு சென்றபோது, ஏரியைச் சுற்றி முடித்து, காலைச் சாப்பாட்டையும் நிதானமாக முடித்துக்கொண்டு, பதினொரு மணிக்கு மேல்தான் வட்டக்கானலை அடைந்தோம். கீழே பாறையில் போய் நின்றபோது எதிரே இருந்தது வெள்ளைத் திரை மட்டுமே. அரை மணி நேரம் காத்திருந்தும் பள்ளத்தாக்கு ஒருமுறைகூடத் திறக்கவில்லை. திரும்பும் ஏற்றத்தில் அம்மாவின் முழங்கால் வலி கூடிவிட்டது; வட்டக்கானல் வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த நாளில் செய்த தவறு நேரத்தைப் பற்றியது, எனவே அதிலிருந்தே தொடங்குகிறேன்.

எப்போது புறப்படுவது

வட்டக்கானல் பக்கத்து மலைவிளிம்பு பெரியகுளத்துச் சமவெளியை நோக்கித் தெற்கே செங்குத்தாக இறங்குகிறது. பெரியகுளம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 280 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொடைக்கானல் ஊர் ஏறத்தாழ 2,130 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. காலை வெயில் சமவெளியையும் மலைச்சரிவையும் சூடாக்கத் தொடங்கியதும், கீழே உள்ள ஈரக்காற்று சரிவோடு ஒட்டிக்கொண்டு மேலே ஏறுகிறது. ஏற ஏற அது குளிர்கிறது. ஓர் உயரத்திற்கு மேல் அதிலுள்ள ஈரத்தைத் தாங்க முடியாமல் சிறு துளிகளாக விட்டுவிடுகிறது. கீழே இருந்து பார்ப்பவர்களுக்கு அது மலைமுகட்டில் தங்கிய மேகம், பாறையில் நிற்பவர்களுக்கு மூடுபனி. இரவிலும் விடியற்காலையிலும் குளிர்ந்த காற்று எதிர்த்திசையில், மேலிருந்து கீழாக வழிகிறது. ஆகையால்தான் மழையில்லாத நாட்களில் அதிகாலைப் பள்ளத்தாக்கு பெரும்பாலும் திறந்து கிடக்கிறது. பத்து மணிக்கு மேல் பனி ஏறத் தொடங்குவது அந்த இடத்தின் இயல்பு. தற்செயலாக நேரும் துரதிருஷ்டம் என்று அதை நினைக்க வேண்டாம்.

எனவே காலை ஏழு மணிக்குள் வட்டக்கானலில் பாதையின் தொடக்கத்தில் நிற்க வேண்டும் என்பது என் உறுதியான பரிந்துரை. எட்டு மணிக்குப் பாறையை அடைந்தால், ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்துவிட்டு, வெயில் கடுமையாவதற்கும் கூட்டம் இறங்கத் தொடங்குவதற்கும் முன்பாகவே ஏற்றத்தைத் தொடங்கிவிடலாம். விடிவதற்கு முன் கைவிளக்கோடு இறங்குவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கொடைக்கானலில் காட்டெருமைகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. இருட்டில் வளைவு திரும்பியதும் அவற்றில் ஒன்றின் எதிரே போய் நிற்கும் நிலை யாருக்கும் வரக் கூடாது.

மாதத்தைப் பொறுத்தவரை, ஜனவரி முதல் மார்ச் வரை உள்ள காலமே சிறந்தது. இந்த மலைக்கு அதிக மழை தருவது வடகிழக்குப் பருவம். அக்டோபர், நவம்பர் மாதங்களில் பாதை சேறாகி, பாறை பாசி பிடித்து வழுக்கும். ஏப்ரல், மே மாதங்களில் வானம் தெளிவாக இருந்தாலும் ஊர் நிரம்பி வழிகிறது. அதோடு பிற்பகலில் இடியுடன் கூடிய கோடை மழை வருவதும் வழக்கம். மின்னல் தெரியும் நாளில் திறந்த பாறைமேல் நிற்பது உயிருக்கு ஆபத்து. தொலைவில் இடி கேட்டாலே பாறையை விட்டு விலகி மேலே ஏறத் தொடங்கிவிட வேண்டும். தனியாக ஓங்கி நிற்கும் மரத்தின் அடியிலும் ஒதுங்கக் கூடாது.

ஊர் வந்து சேர்வது

ரயிலில் வருபவர்கள் கொடைரோடு நிலையத்தில் இறங்கினால் அங்கிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் சாலைப் பயணம்; வத்தலக்குண்டு வழியாகப் பேருந்துகள் வருகின்றன. பழனியிலிருந்து வரும் சாலை ஏறத்தாழ 65 கிலோமீட்டர். இரண்டும் வளைவு மிகுந்த மலைச்சாலைகள். சிறுவர்களுக்கு வாந்தி வரும் பழக்கம் இருந்தால், வயிறு முட்ட உண்ணாமல் வருவதும் ஓர் எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொள்வதும் நல்லது. சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ வருபவர்கள் இ-பாஸ் எடுத்துக்கொள்ள வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இந்த நடைமுறை கொண்டுவரப்பட்டது. கோடைக் கூட்டத்தின்போது ஒரு நாளைக்கு இத்தனை வண்டிகள்தாம் என்ற வரம்பும் பின்னர் விதிக்கப்பட்டது. அரசுப் பேருந்தில் வருபவர்களுக்கு இந்தச் சுமை இல்லை. நடையை மட்டுமே நோக்கமாகக் கொண்டவர்கள் பேருந்தில் வருவதே எல்லா வகையிலும் நல்லது என்பேன். வட்டக்கானலில் வண்டி நிறுத்துவதற்கு இடம் மிகக் குறைவு.

முந்தைய நாளே வந்து கொடைக்கானலில் இரவு தங்காமல் இந்த நடையைச் சரியாகச் செய்ய முடியாது. அதிகாலையில் மதுரையிலிருந்தோ திண்டுக்கல்லிலிருந்தோ புறப்பட்டு வருபவர்கள் வட்டக்கானலை அடையும் நேரத்தில் பனி பாறையை அடைந்துவிட்டிருக்கும். பேருந்து நிலையத்திலிருந்து வட்டக்கானல் ஐந்தாறு கிலோமீட்டர். சலேத் மாதா கோவில் இருக்கும் செயின்ட் மேரீஸ் சாலை வழியாக டாக்ஸியில் போகலாம். அதிகாலை வண்டியை முந்தைய மாலையே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். வட்டக்கானலிலேயே உள்ள வீடுகளில் அறை எடுத்துத் தங்கினால் இந்தச் சிக்கலும் இல்லை. இஸ்ரேல் நாட்டு இளைஞர்கள் பல ஆண்டுகளாக வந்து தங்கும் ஊர் இது. அதனால் சிலர் இதைச் சின்ன இஸ்ரேல் என்றும் அழைக்கிறார்கள்.

உடுப்பும் உடன் கொண்டுபோவதும்

கடையேழு வள்ளல்களில் ஒருவனான பேகன், குளிரில் நடுங்குவதாக எண்ணி மயிலுக்குத் தன் போர்வையைக் கொடுத்தான் என்பது இந்தப் பழனி மலையை ஒட்டிய நாட்டின் கதை. ஜனவரியில் வட்டக்கானலின் அதிகாலைக் காற்றில் நின்றவர்களுக்கு அந்தக் கொடையின் அருமை தெரியும். ஆனாலும் கனத்த ஸ்வெட்டர் ஒன்றை மட்டும் அணிந்து வருவது தவறு. இறங்கும்போது தேவைப்படும் கதகதப்பு, ஏறும்போது பெரும் சுமையாகிவிடும். மெல்லிய சட்டை, அதன்மேல் ஒரு ஸ்வெட்டர், அதற்கும்மேல் காற்றையும் தூறலையும் தடுக்கும் மெல்லிய மழைச்சட்டை என்று அடுக்காக அணிந்து, வியர்க்கத் தொடங்கியதும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பையில் வைத்துக்கொள்வதே முறை.

செருப்பைப் பற்றி நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தட்டையான அடி உள்ள செருப்பும், குதிகால் உயர்ந்த காலணியும், தேய்ந்துபோன ஓட்டக் காலணியும் இந்தப் பாதைக்கு ஆகா. அடிப்பாகத்தில் ஆழமான வரிகள் உள்ள, குதிகாலை இறுகப் பிடிக்கும் ஷூ வேண்டும். இறக்கத்தில் கால்விரல்கள் ஷூவின் முனையில் மோதாமல் இருக்கக் கயிற்றைக் கணுக்கால் பக்கம் இறுக்கிக் கட்ட வேண்டும். முந்தைய நாளே நகத்தை வெட்டிக்கொண்டால் பெருவிரல் நகம் கறுத்துப்போவதும் தவிர்க்கப்படும்.

தலைக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர் போதும். அதில் பாதியை ஏற்றத்திற்கென்று தனியாக வைத்துவிட வேண்டும். எவர்சில்வர் பாட்டிலாக இருப்பது நல்லது. ஐந்து லிட்டருக்கும் குறைந்த பிளாஸ்டிக் குடிநீர்ப் பாட்டில்களுக்குக் கொடைக்கானலில் தடை இருக்கிறது. கடலை மிட்டாய், மலைவாழைப்பழம், வீட்டில் செய்த புளியோதரை போன்றவை நடைக்கு ஏற்ற உணவு. குரங்குகள் மணத்தைக் கண்டுபிடித்துவிடும் என்பதால் இவற்றை வெளியே தெரியும் துணிப்பையில் தொங்கவிடாமல், முதுகுப் பையின் உள்ளே மூடி போட்ட பாத்திரத்தில் வைக்க வேண்டும். மழைக்காலமானால் ஒரு சிறு பொட்டலம் உப்பும் தேவை; காலில் ஏறிய அட்டையைப் பிய்த்து எடுக்காமல், அதன்மேல் உப்பைத் தூவினால் தானே விழுந்துவிடும். கூடவே, குப்பையைத் திரும்பக் கொண்டுவர ஒரு காலிப் பை.

இறங்கும் வழி

வட்டக்கானலில் சாலை முடியும் இடத்தில் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அவற்றைக் கடந்ததும் மண்பாதை தொடங்கிவிடுகிறது. வழி தவறுவதற்கு வாய்ப்பு குறைவு, ஏனெனில் ஆண்டு முழுவதும் ஆயிரக்கணக்கானவர்கள் நடந்து மண்ணை மிதித்து ஆழமாக்கியிருக்கிறார்கள். அந்த மிதியே பாதையின் முதன்மையான இடராகவும் ஆகியிருக்கிறது. மண் அரித்துப்போய், மரங்களின் வேர்கள் வெளியே தெரிகின்றன. அவை சில இடங்களில் படிக்கட்டுபோல் உதவுகின்றன, சில இடங்களில் கண்ணிபோல் காலைப் பிடிக்கின்றன. காய்ந்த வேரின்மேல் கால் வைக்கலாம். பனியில் நனைந்த வேர் எண்ணெய் தடவியதுபோல் வழுக்கும் என்பதால், வேரைத் தாண்டி மண்ணிலோ கல்லிலோ கால் பதிப்பதே பாதுகாப்பு.

இறக்கத்தில் நடப்பதற்கென்று ஒரு முறை இருக்கிறது. சுமை தூக்கி மலை இறங்கும் இந்தப் பக்கத்து மக்களைப் பார்த்தே அதைக் கற்றுக்கொண்டேன். அவர்கள் நீண்ட அடி வைப்பதில்லை. முழங்காலைச் சற்றே மடக்கி, உடம்பைப் பின்னால் சாய்க்காமல், குட்டைக் குட்டையான அடிகளாக, முழுப் பாதமும் தரையில் படியும்படி வைக்கிறார்கள். செங்குத்தான இடத்தில் நேராக இறங்காமல் ஒருக்களித்து, இடமும் வலமுமாக வளைந்து இறங்குகிறார்கள். நகரத்திலிருந்து வருபவர்கள் முழங்காலை விறைப்பாக்கி, குதிகாலை ஊன்றி இறங்குகிறார்கள். ஒவ்வோர் அடியின் அதிர்ச்சியும் மூட்டில் போய் இறங்குகிறது, குதிகால் வழுக்கினால் முதுகு தரையில் மோதுகிறது. கையில் உறுதியான ஒரு தடி இருந்தால் பாரத்தில் ஒரு பகுதியை அது தாங்கிக்கொள்ளும். மரத்தை ஒடித்துத் தடி செய்ய வேண்டாம், ஊரிலிருந்தே கொண்டுவரலாம்.

பாதி வழியில் ஒருமுறை நின்று, தாம் இறங்கிவந்த சரிவை அண்ணாந்து பார்ப்பது ஒவ்வொருவரும் செய்ய வேண்டிய வேலை. அதே சரிவை ஏறும் தம் உருவத்தை மனத்தில் நினைத்துப் பார்த்து, மூச்சோ மூட்டோ ஐயம் தருமானால் அங்கிருந்தே திரும்பிவிடலாம். வழியில் மரங்கள் விலகும் இடங்களில் பள்ளத்தாக்கு நன்றாகவே தெரிகிறது, எனவே பாதி வழியில் திரும்புபவர்கள் வெறுங்கையோடு திரும்புவதில்லை. இதய நோய், மூச்சிரைப்பு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இந்தப் பாதையில் இறங்க வேண்டாம். இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்று சற்று மெல்லியது; சமவெளியில் சாதாரணமாக ஏறும் படிகள்கூட இங்கே கூடுதலாக மூச்சு வாங்கவைக்கும். அம்மாவை இரண்டாவது முறை அழைத்துச் சென்றபோது பாதி வழியில் ஒரு கடைப் பலகையில் உட்காரவைத்துவிட்டு நான் மட்டும் இறங்கினேன். அன்று அவர் பார்த்த பள்ளத்தாக்கைத்தான் இன்றும் உறவினர்களிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இந்தப் பாதை சுற்றுலாவுக்காக வெட்டப்பட்டது அன்று என்பதையும் நடப்பவர்கள் அறிந்திருக்க வேண்டும். இதே வழி பாறையைத் தாண்டிக் கீழே வெள்ளகவி என்னும் பழைய ஊருக்கும், அங்கிருந்து பெரியகுளம் பக்கத்துக் கும்பக்கரைக்கும் செல்கிறது. 1821ஆம் ஆண்டில் நில அளவையாளர் பி. எஸ். வார்டு வெள்ளகவியிலிருந்துதான் மேலே ஏறிக் கொடைக்கானல் பகுதியை அளந்தார்; அமெரிக்க மிஷனரிகள் இங்கே வந்து வீடுகட்டிக் குடியேறியது அதற்கும் பின், 1845இல். வெள்ளகவி மக்களுக்கு இது இன்றும் வீட்டுக்குப் போகும் வழி. குதிரைமேல் மூட்டை ஏற்றி வருபவர்களோ தலைச்சுமையோடு வருபவர்களோ எதிர்ப்பட்டால், பள்ளத்தின் பக்கம் ஒதுங்காமல் மலையின் பக்கம் ஒதுங்கி நின்று, அவர்கள் கடந்து சென்ற பிறகு நடக்க வேண்டும்.

பாறையின்மேல்

பாறையை அடைந்ததும் செய்ய வேண்டிய முதல் வேலை உட்காருவதுதான். இறங்கி வந்த களைப்பில் கால்கள் லேசாக நடுங்கிக்கொண்டிருக்கும்; அந்த நடுக்கத்தோடு விளிம்புக்குச் செல்வதுதான் பெரிய ஆபத்து. பின்பக்கம், மரங்கள் முடிந்து பாறை தொடங்கும் இடத்தில் ஐந்து நிமிடமாவது உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, காற்று எந்தத் திசையிலிருந்து எவ்வளவு வேகத்தில் வருகிறது என்று கவனிக்க வேண்டும். பள்ளத்தாக்கிலிருந்து மேலே ஏறும் காற்று சீராக வருவதில்லை. சும்மா இருந்துவிட்டுத் திடீரென்று தள்ளும். பாறையில் நின்றால், அப்படியே விழுந்தாலும் தலை விளிம்பைத் தொடாத தொலைவில்தான் நிற்க வேண்டும். அதாவது தம் உயரத்தைப்போல் இரண்டு மடங்கு இடைவெளி. வனத்துறையோ காவல்துறையோ கயிறோ வேலியோ கட்டியிருந்தால் அதுவே எல்லை, அதற்கு மேல் பேச்சில்லை.

மூக்கின் நுனியில் நின்று படமெடுத்துக்கொள்வதற்காக வரிசை நிற்கும் நாட்களும் உண்டு. அந்த நுனிக்குச் செல்ல வேண்டாம் என்றே சொல்வேன். பாறையின் பரப்பு தட்டையாகத் தெரிந்தாலும் விளிம்பை நெருங்க நெருங்கச் சற்றே சரிகிறது. பல்லாயிரம் கால்கள் தேய்த்ததால் வழவழப்பாகவும் ஆகிவிட்டது. பள்ளத்துக்கு முதுகைக் காட்டியபடி படத்துக்காகப் பின்னால் நகர்ந்துகொண்டே போவதும், ஒற்றைக் காலில் நிற்பதும், குழந்தையைத் தோளில் ஏற்றி நிறுத்துவதும் கண்ணில் படும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்குகிறது. நல்ல படம் வேண்டுமானால் பின்புறத்திலிருந்து, பாறையும் பள்ளத்தாக்கும் சேர்ந்து தெரியும்படி எடுக்கலாம். பாறையின் உருவம் அப்போதுதான் முழுமையாக விழும். சிறுவர்களை ஒரு பெரியவருக்கு ஒருவர் என்று கையைப் பிடித்தே வைத்திருக்க வேண்டும். யாரேனும் சறுக்கி விழுந்துவிட்டால், பின்னாலேயே இறங்க முயலாமல் 112ஐ அழைத்துவிட்டு, மேலே கடைகளில் உள்ளவர்களிடம் சொல்வதுதான் சரியான செயல். தொலைபேசி இணைப்பு அங்கே சில இடங்களில் விட்டுவிட்டுத்தான் கிடைக்கிறது.

காற்று தெளிந்திருந்தால் தெற்கே பெரியகுளத்துத் தோப்புகளும் வயல்களும் கட்டம் கட்டமாகத் தெரியும். அதற்கும் அப்பால் வைகை அணையின் நீர்ப்பரப்பு வெயில் படும்போது மின்னும். அடிவானத்தில் வருசநாட்டு மலைகள் நீலமாக நிற்கும். பாறைக்குக் கீழே 6,600 அடி ஆழம் என்று பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அதை நம்ப வேண்டியதில்லை. கொடைக்கானல் ஊருக்கும் பெரியகுளத்துக்குமே உயர வேறுபாடு ஏறத்தாழ 1,850 மீட்டர், அதாவது 6,070 அடி அளவே. பாறை ஊரைவிடத் தாழ்ந்த இடத்தில் இருக்கிறது. சரிவும் ஒரே வீழ்ச்சியாகச் சமவெளி வரை இறங்குவதில்லை, படிப்படியாகத்தான் இறங்குகிறது. மிகைப்படுத்தாமல் சொன்னாலும் அந்தப் பள்ளத்தாக்கு போதுமான அளவுக்குப் பெரியது.

எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் இடையே பேசாமல் உட்கார்ந்திருப்பவர்களுக்கு வேறு சிலவும் கிடைக்கும். சரிவின் சோலைக்காட்டிலிருந்து கருமந்தியின் கூப்பாடு மேலேறி வரும். மலையணில் கிளைவிட்டுக் கிளை தாவும். பனி முதலில் கீழே எங்கோ ஒரு மடிப்பில் பஞ்சுத் துணுக்காகத் தோன்றி, பக்கத்து மடிப்பிலும் தோன்றி, இரண்டும் சேர்ந்து மெல்ல ஏறிவருவதைத் தொடக்கத்திலிருந்து பார்க்கலாம். ஒலிபெருக்கியில் பாட்டுப் போடுபவர்கள் இவற்றையெல்லாம் தமக்கும் பிறருக்கும் சேர்த்து இழக்கிறார்கள்.

எதிரொலிப் பாறையும் அதற்கு அப்பாலும்

டால்பின் நோஸுக்குக் கீழே இன்னும் சற்றுத் தூரம் இறங்கினால் எதிரொலிப் பாறை வருகிறது. கூட்டம் அங்கே குறைவு. காட்சி ஏறத்தாழ அதேதான். ஒன்பது மணிக்கு முன் டால்பின் நோஸில் தெம்பாக இருப்பவர்கள் மட்டும் போகலாம். இறங்கும் ஒவ்வோர் அடியும் பின்னர் ஏற வேண்டிய அடியாகும் என்பதால், குழுவில் மிகவும் களைத்திருப்பவரைக் கேட்டே இதை முடிவு செய்ய வேண்டும். வெள்ளகவி வரை இறங்கி அதே நாளில் ஏறி வருவது இந்த வழிகாட்டியின் எல்லைக்குள் வராது; அது நடைப்பழக்கம் உள்ளவர்களுக்கான முழுநாள் வேலை, வனத்துறையின் அனுமதியைக் கேட்டு அறிந்துகொண்டு, உள்ளூர் வழிகாட்டியோடு செல்ல வேண்டியது. அந்த ஊருக்குள் செருப்பணிந்து நடப்பதில்லை என்பது வழக்கம். போகிறவர்கள் அதைக் கடைப்பிடிக்க வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் நேர்ந்த காட்டுத்தீயில் மலையேறச் சென்ற பலர் உயிரிழந்தனர். கோடையில் காய்ந்த புல்லும் சருகும் எவ்வளவு விரைவாகப் பற்றும் என்பதை அந்தத் துயரம் காட்டியது. பிப்ரவரி முதல் மே வரை இந்தச் சரிவில் பீடி, சிகரெட், அடுப்பு எதுவும் கூடாது.

திரும்பி ஏறுவது

ஏற்றத்திற்கு ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம் வரை ஒதுக்கிக்கொள்ளலாம். வேகமாக ஐம்பது அடி ஏறி, நின்று மூச்சு வாங்கி, மறுபடியும் வேகமாக ஏறுவதே பெரும்பாலானவர்கள் செய்யும் தவறு. பக்கத்தில் வருபவரோடு பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகம்தான் சரியான வேகம். பேச முடியவில்லை என்றால் அடியைக் குறைக்க வேண்டும். குழுவில் மெதுவாக நடப்பவரை முன்னால் விட்டு, மற்றவர்கள் அவர் வேகத்துக்கே வர வேண்டும். அவரைக் கடைசியில் விட்டால், அவர் வந்து சேரும்போது மற்றவர்கள் இளைப்பாறி முடித்துப் புறப்பட்டுவிடுவார்கள், அவருக்கு ஓய்வே கிடைக்காது. கால் மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்று, இரண்டு வாய் தண்ணீர் குடித்தால் போதும்.

ஏறும்போது பாதையோரக் கடைகளில் நிற்பது நல்லது என்பேன். எலுமிச்சைத் தேநீர், பிரெட் ஆம்லெட், மிளகாய்த்தூள் தூவிய மாங்காய், பருவத்தில் பட்டர் புரூட் ஆகியவை கிடைக்கும். எல்லாவற்றையும் அவர்கள் தலையிலோ தோளிலோ சுமந்துதான் கொண்டுவந்திருக்கிறார்கள், ஆகையால் விலை சற்றுக் கூடுதலாக இருப்பதில் நியாயம் உண்டு. சாப்பிட்ட தட்டையும் கோப்பையையும் கடைக்காரரிடமே கொடுத்துவிட வேண்டும். சரிவில் எறியப்படுவதை யாரும் இறங்கிப் போய் எடுக்க முடியாது. குரங்கு கையிலிருந்து பறிக்க வந்தால் இழுபறி செய்யாமல் விட்டுவிடலாம். காட்டெருமை பாதையில் நின்றால் விலகி நின்று, அது போகும் வரை காத்திருக்க வேண்டும். சத்தம் போட்டோ கல்லெறிந்தோ விரட்டக் கூடாது, படமெடுக்க நெருங்கவும் கூடாது.

வட்டக்கானலை அடைந்ததும் உடனே வண்டியில் ஏறி உட்கார்ந்துவிடாமல், ஐந்து நிமிடம் சமதரையில் மெதுவாக நடந்து, கெண்டைக்கால் சதையை நீவிவிட வேண்டும். நனைந்த சட்டையை மாற்றாமல் குளிர்காற்றில் நிற்கக் கூடாது. முடிந்தால் அன்றிரவும் கொடைக்கானலிலேயே தங்கி, வெந்நீரில் குளித்து, மறுநாள் காலையில் மலை இறங்கலாம். தொடையிலும் கெண்டைக்காலிலும் வலி உச்சமாக இருப்பது மறுநாளும் அதற்கு அடுத்த நாளும்தான். பேருந்து நிலையத்தின் படிகளில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்கினால் அந்த வலி சற்றுக் குறைவாகத் தெரியும்.